காட்டுமாடு கேட்ட இரண்டாம் பக்கம்

எங்கள் இசைத்தட்டுக்கு வந்த விமர்சனங்களிலேயே யோக்கியமானது ஒரு காட்டுமாடு செய்ததுதான். பம்பாய்க்காரன் எழுதினான், மெட்ராஸ்காரர் எழுதினார், மதுரைக் கடைக்காரர் தட்டையே பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினார். ஒருத்தரும் முழுசாய்க் கேட்கவில்லை. காட்டுமாடு மட்டும்தான் இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே கேட்டது. நடுவில் டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

சிரிங்க, சிரிங்க. எங்கள் மலையூரான செண்பகனூரில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. நான் ஆயுசில் பாதியை ரொட்டி வேன் ஓட்டியே கழித்தவன். ரொட்டி வேன்காரன் பேச்சும் ரொட்டி மாதிரி உப்பித்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரி தெரசம்மாள் சொல்வாள். மற்ற கதைகளுக்கு அது சரி. இந்தக் கதையில் மட்டும் நான் ஈஸ்ட் போடவே இல்லை. மாவை மாவாகவே தருகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம். எங்கள் கோஷ்டிக்குத் தூண்பாறை கோஷ்டி என்று பேர். மூணே பேர். நான் டிரம்ஸ். ஞானமுத்து பேஸ் கிட்டார்; பகலில் கொத்தனார். அவன் தங்கை அடைக்கலமேரி லீட் கிட்டார். அவளுக்கு ஒரு போர்டிங் ஸ்கூல் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே இருந்த ஒரு அமெரிக்க வாத்தியார் ஊருக்குப் போகும்போது சாமான் சுமை தாங்காமல் விட்டுப்போனதுதான் அந்தச் சிவப்பு மின்சாரக் கிட்டார். நாங்கள் மூணு பேரும் கோயில் பாடற்குழு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாட்டு, மற்ற நாளில் ராக்.

மேரி வாசிப்பு எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். முதல்முதலாய் ஆம்பிளிஃபயரில் செருகி ஒரு இழுப்பு இழுத்தாள் பாருங்கள், அங்கே பல மைல் தள்ளிப் பேத்துப்பாறை ஊரில் ஒரு கோழி இரண்டு முட்டையைச் சேர்த்துப் போட்டுவிட்டது. பணிவு என்கிற சரக்கை அவள் எந்தக் கடையிலும் வாங்கினது இல்லை. "நல்லா வாசிச்சே மேரி" என்று சொன்னால், "பெறகு? மோசமாவா வாசிப்பாங்க?" என்பாள்.

அந்த வருஷம் சீசனுக்குக் குடும்பத்தோடு வந்த திருமலைச்சாமி, மெட்ராஸில் சின்னதாய் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருந்தவர், ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் வாசிப்பைக் கேட்டார். கேட்ட கையோடு தட்டு போடுவோம் என்றார். தட்டின் பேர் 'கொண்டை ஊசி'. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எனக்குத் தோன்றிய பேர்தான் அது. ஒவ்வொரு பாட்டும் ஒரு வளைவு. கடைசிப் பாட்டு 'ஒன்பதாம் வளைவு'. அது பாட்டு இல்லை, பிரேக் பிடிக்காத லாரி.

ஸ்டூடியோ எங்கே என்கிறீர்களா? கிழங்குக் கிட்டங்கி. செண்பகனூர் ஓரத்தில், காட்டை ஒட்டி, விதை உருளைக்கிழங்கு அடுக்கி வைக்கிற கல் கட்டடம். ஜன்னல் கிடையாது. கூரையோரம் கை நுழைகிற அளவு ஒரு காற்றுப்பொந்து; கோயில் மணிச் சத்தம் மட்டும் அதன் வழியாய் உள்ளே வரும். சுற்றிலும் மூட்டைகள் இருந்ததால் சத்தம் எதிரொலிக்காது, வெளியேயும் போகாது. ஒரே ஒரு கதவு. அதற்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். உருளைக்கிழங்கு உள்ளே இருந்துகொண்டு தாழ்ப்பாள் போடவா போகிறது என்று கட்டினவன் நினைத்திருக்கிறான். இந்தத் தாழ்ப்பாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸில் இருந்து ஒரு இன்ஜினியர் டேப் மிஷினோடு வந்தார். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காப்பியை ஆற்றினால் மேல் டம்ளரில் இருந்து கீழ் டம்ளருக்கு வருவதற்குள் உறைந்துபோகிற குளிர். மிஷினை ஓடவிட்டு, "நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லி அவர் வெளியே வெயில் காயப் போய்விடுவார். ஒன்பதாம் வளைவை வாசிக்கிறோம். மேரி கை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். அப்போது கோயிலில் மத்தியான மணி அடித்தது.

மணி அடித்ததும் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தோம். நிறுத்திவிட்டோம்.

எங்கள் ஊர்க் கோயில் ஆட்களுக்கு அது சின்னதில் இருந்து ஊறின பழக்கம். காலை, மத்தியானம், சாயங்காலம் மணி அடித்ததும் நின்று சொல்கிற மூவேளைச் செபம். மத்தியான மணி விழுந்தால் ஞானமுத்துவின் கரண்டி சாந்துச் சட்டியிலேயே நிற்கும். நான் வேனை ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றுவேன். பாடற்குழு ஒத்திகையில் என்றால், பாட்டு எந்த எழுத்தில் இருந்ததோ அந்த எழுத்தில் நிற்கும்; செபம் முடிந்ததும் அந்த எழுத்தில் இருந்தே கிளம்பும். யோசனையே கிடையாது. கை தானாக நிற்கும், தானாக ஓடும். அன்றைக்கும் மேரி உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தாள், மூணு பேரும் எழுந்து நின்றோம், மனசுக்குள் செபம் சொன்னோம், விட்ட இடத்தில் இருந்து மறுபடி அடித்தோம். டேப் ஓடிக்கொண்டிருந்தது என்பது மூணு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

மெட்ராஸில் போட்டுப் பார்த்த இன்ஜினியர் அந்தச் சும்மா கிடந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றாராம். திருமலைச்சாமி அளந்து பார்த்திருக்கிறார். அதை வெட்டினால் இரண்டாம் பக்கம் குட்டையாகிவிடும். "கெடக்கட்டும் விடுய்யா" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் எங்கள் செபம் கறுப்புத் தட்டில் ஏறியது, ஒரு சத்தமும் இல்லாமல்; கோயில் மணிகூட மைக்குக்கு எட்டவில்லை.

பம்பாய்ப் பத்திரிகைக்காரன் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினான். இந்திய ராக் இசையின் முதல் துணிச்சலான மௌனம் இதுவாம். நவீன மனிதனின் தனிமையாம். ஞானமுத்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாம மூணு பேரு இருந்தோமேலே, தனிமை எங்க வந்துச்சு?" என்றான். மதுரைக் கடைக்காரரோ, பாட்டு பாதியில் நின்றுபோகிறது, ஓட்டைத் தட்டு என்று மொத்தச் சரக்கையும் திருப்பினார். இவர்கள் இரண்டு பேரையும் விடுங்கள். எங்களைக் கொன்றது சுப்புராஜ்.

சுப்புராஜ் பழனிக்காரர். அடிவாரத்தில் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை. அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய் ஒரு வாரப்பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதினது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

"இந்தத் தட்டில் கிட்டார் வாசித்திருப்பது ஒரு பெண் என்று உறையில் படம் போட்டிருக்கிறார்கள். அழகான படம். ஆனால் இந்த விரல் வேகம் கோயில் பாட்டுக்கு வாசிக்கும் பெண்ணுக்கு வராது. மலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு இளைஞர் எவரோ வாசித்திருக்கிறார். இறுதிப் பாடலின் நடுவே வரும் மௌனம்தான் சாட்சி. அதற்கு முன்னால் ஒரு கை, பின்னால் வேறு கை. இடையில் ஆளை மாற்றியிருக்கிறார்கள்."

அவ்வளவுதான். சலவைக்கூடத்தில் மேரியைப் பார்த்துச் சிரித்தார்கள். பாடற்குழுப் பெண்களே, "யாரு மேரி அந்த வெள்ளக்காரன்?" என்று கேட்டார்கள். திருமலைச்சாமிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த தட்டுக்குக் கிட்டார் வாசிக்க மெட்ராஸில் ஒரு ஆளைப் பிடித்து வைத்துவிட்டார். ஆனால் மனுஷன் நியாயஸ்தர். ஞானமுத்துவைத் தபால் ஆபீஸ் போனில் கூப்பிட்டு, "சுப்புராஜையே அனுப்புறேன். அவரு நேர்ல பாத்துட்டு அங்கேருந்தே எனக்கு டிரங்க் கால் போடட்டும். அந்தப் பொண்ணுதான்னு அவரு சொன்னா அவதான். இல்லைன்னா இந்த ஆளுதான்" என்றார்.

மேரி கேட்டுக்கொண்டாள். "வரட்டும். ஆனா அந்தாளு வாயால சொல்லணும். சொல்லலைன்னா இந்தக் கிட்டாரை மூட்டைக்கு அடியில போட்டுட்டு நான் என் சோலியைப் பாத்துக்கிட்டுப் போறேன். பெறகு பூசைக்குக்கூட என்னைய வாசிக்கக் கூப்புடாதீங்க."

சொன்னால் செய்கிறவள்.

தை மாசம் காலை பஸ்ஸில் சுப்புராஜ் வந்து இறங்கினார். கோட்டு, கழுத்துத்துண்டு, குரங்குக் குல்லா, கையில் குடை. நல்ல கனத்த சரீரம். ரொட்டி வேனில் ஏற்றிக்கொண்டேன். வேன் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது.

"ஏன் சார் அப்படி எழுதிட்டீங்க?"

"செபாஸ்டின், எனக்குக் காது இருக்கு. அந்த மௌனத்துக்குப் பின்னால வர்ற கை வேற. கோபமான கை."

"அது மத்தியான மணி சார். செபம் பண்ணினோம். ஜில்லுன்னு கெடக்கிற கம்பியில கைய வச்சு நின்னவ, திரும்ப ஆரம்பிக்கிறப்ப வெறியா அடிச்சா."

"ரிக்கார்டிங் நடுவுலயா? ரயில் ஓட்டுறவன் பாதி வழியில எறங்கிச் சாமி கும்புடுவானாய்யா?"

"எங்க ஊர்ல ரயில் கெடையாது சார்."

அவர் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

கிட்டங்கிக்குள் ஒரே ஒரு பல்பு. முளைவிட்ட கிழங்கு வாசனை. மூக்கில் இருந்து வருகிற மூச்சு புகையாய்ப் போகிறது. குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டோம். மேரி கிட்டாரை மாட்டிக்கொண்டு தயாராய் நின்றாள். சுப்புராஜ் அவளைப் பார்க்கவில்லை. ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், குடையால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்.

"அமெரிக்காக்காரனைத் தேடுறீங்களா சார்?" என்றாள் மேரி. "நல்லாக் குத்துங்க. உள்ளே இருந்தா கத்துவான்."

முதல் பாட்டு வாசித்தோம். இரண்டாவது வாசித்தோம். சுப்புராஜ் தலையை ஆட்டினார், ஆனால் அது ஒப்புக்கொள்கிற ஆட்டல் இல்லை. "விரல் ஓடுது. சரி. ஆனா தட்டுல இருக்கிறது இந்தக் கைதான்னு நான் எப்படிச் சொல்ல? ஊருக்குப் போய் யோசிச்சு எழுதுறேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"யோசிச்சு எழுதுன லட்சணத்தைத்தான் ஏற்கெனவே பாத்தோமே" என்றாள் மேரி.

அவர் போய்க் கதவை இழுத்துத் திறந்தார். கதவுக்கு வெளியே இன்னொரு கதவு இருந்தது. கறுப்புக் கதவு. அதில் முடி இருந்தது. அது மூச்சு விட்டது.

இந்தக் காலம் மாதிரி காட்டுமாடு தெருத்தெருவாய் வந்து குப்பைத்தொட்டியை மேய்கிற காலம் இல்லை அது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மன்னவனூர்ப் பக்கம் காட்டுக்குள் போய்த் தவம் கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட சாமி எங்கள் வாசலில் நின்றது. ஒற்றைக் கடா. நாலு காலிலும் முழங்கால் வரைக்கும் உறை போட்ட மாதிரி வெள்ளை. என் ரொட்டி வேன் பக்கத்தில் நின்றது. அதற்கு முன்னால் வேன் கன்றுக்குட்டி மாதிரி தெரிந்தது.

சுப்புராஜ் கதவைச் சாத்தினார். இவ்வளவு மெதுவாய்ச் சாத்தப்பட்ட கதவை நான் உலகத்தில் பார்த்தது இல்லை. திரும்பி எங்களைப் பார்த்தார். கை மட்டும் தாழ்ப்பாளைத் தேடிக் கதவு பூராவும் தடவியது.

"தாப்பாள் வெளியில சார்" என்றான் ஞானமுத்து.

"வெளியிலயா!"

"கிழங்குக்கு எதுக்கு சார் உள்தாப்பாள்?"

அப்போது முட்டியது. ஒரே முட்டு. கூரையில் இருந்து மண் கொட்டியது. நாங்கள் மூட்டைகளை இழுத்துக் கதவுக்கு அடை கொடுத்தோம். அதுவும் போதாது என்று, "கனமான ஆளு நீங்கதான் சார்" என்று சுப்புராஜையே மூட்டைக்கு மேல் முட்டுக் கொடுத்து உட்காரவைத்தோம். முதுகு கதவில். மறுபடி முட்டு. மனுஷன் மூட்டையோடு ஒரு சாண் நகர்ந்து வந்தார்.

"யாரும் சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தார். "அமைதியா இருந்தாப் போயிரும்."

அமைதியாய் இருந்தோம். முட்டியது. இன்னும் அமைதியாய் இருந்தோம். இன்னும் பலமாய் முட்டியது. பல்பு ஆடியது. மேரி பின்வாங்கினபோது அவள் கை தெரியாமல் கிட்டாரில் பட்டு ஒரு ஸ்வரம் நீளமாய்க் கிளம்பியது. முட்டு நின்றது. ஸ்வரம் தேய்ந்து முடிந்தது. முட்டு வந்தது.

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"வாசிங்கம்மா" என்றார் சுப்புராஜ்.

"எதுக்கு சார்? அமெரிக்காக்காரனைக் கூப்புடுங்க."

"அம்மா தாயே, வாசிங்கம்மா!"

வாசித்தாள். கதவுக்கு வெளியே மூச்சு சீராய் வந்தது. துருத்தி ஊதுகிற மாதிரி. வாசிக்கிற வரைக்கும் அது அசையவில்லை. பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு நாங்கள் தொண்டையைச் செருமுகிற நேரத்தில்கூடக் கொம்பால் கதவைச் சுரண்டியது. உலகத்தில் எத்தனையோ வித்வான்கள் ரசிகர்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ரசிகன் கட்டிப்போட்ட வித்வான்கள் நாங்கள் மட்டும்தான்.

முதல் பக்கம் முடிந்தது, இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் முடிந்தது. கல்யாணப் பாட்டு, திருவிழாப் பாட்டு, ஞானமுத்து கொத்து வேலையில் முணுமுணுக்கிற பாட்டு எல்லாம் தீர்ந்தது. காற்றுப்பொந்தில் தெரிந்த வெளிச்சமும் பனிமூட்டத்தில் அடைபட்டுப் போயிற்று. மூணு சுவரும் ஒரு மாடும் எங்கள் மேல் சாய்ந்துகொண்டே வருகிற மாதிரி இருந்தது. கத்தினால் யாருக்கும் கேட்காது. அந்த இடத்தை ஸ்டூடியோவாய்ப் பிடித்ததே சத்தம் வெளியே போகாது என்றுதானே. மேரி விரல் நுனி பிளந்து சிவப்புக் கிட்டாரில் இன்னும் சிவப்பாய் ஒழுகியது.

"கரண்ட் போச்சுன்னா?" என்றார் சுப்புராஜ்.

"அடிக்கடி போற கரண்டுதான் சார் இது" என்றேன் நான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பிடித்து வைத்திருந்தால் ஒரு பாத்தி கேரட்டுக்குத் தண்ணி பாய்ச்சியிருக்கலாம்.

மனுஷன் மெட்ராஸ் பாஷையெல்லாம் உதிர்ந்து சுத்தப் பழனிக்காரராய் ஆகிவிட்டார். "முருகா, முருகா, உனக்குக் காவடி எடுக்கிறேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் மேரியிடம், "ஏத்தா, காவடிச் சிந்து வாசிப்பியா?" என்றார்.

"மெட்டைப் பாடுங்க."

பாடினார்! முதுகில் காட்டுமாடு, அடியில் விதைக்கிழங்கு, கண்ணில் தண்ணீர். நடுங்குகிற குரலில் பாடினார். ஒரே தடவைதான் கேட்டாள் மேரி. இரண்டாம் தடவை அந்த மெட்டு ஆம்பிளிஃபயரில் இருந்து தீப்பிடித்து வந்தது. நான் டிரம்ஸில் பம்பை அடித்தேன். சுப்புராஜின் காவடித் தோள் தானாய்க் குலுங்கியது. பழனி மலைக்கே அது கேட்டிருக்கும். மயில் அன்றைக்கு இரண்டு தரம் அகவியிருக்கும்.

அது முடிந்ததும் கொம்பு மறுபடி கதவைச் சுரண்டுகிற சத்தத்தை மேரி கேட்டாள். கிட்டாரைச் சரியாய் மாட்டிக்கொண்டாள்.

"சார். இப்ப ஒன்பதாம் வளைவு வாசிக்கப் போறேன். உங்க காதைத் தொடச்சு வச்சுக்கங்க."

கிளம்பினாள். தட்டில் எப்படி இருந்ததோ அப்படி, இல்லை, அதைவிட ஒரு கியர் கூட. பிளந்த விரலோடு. சுப்புராஜ் முருகனைக் கூப்பிடுவதை நிறுத்தினார். வாய் திறந்தபடி அவள் கையையே பார்த்தார். சரியாய் அந்த வளைவின் உச்சியில் லாரி பாய்கிற இடம். அங்கே கோயில் மணி விழுந்தது.

மேரி உள்ளங்கை கம்பியில் விழுந்தது. என் குச்சி நின்றது. ஞானமுத்து தலைத்துண்டை எடுத்தான். மூணு பேரும் எழுந்து நின்றோம்.

"நிறுத்தாதீங்க!" சுப்புராஜ் அலறினார். "ஏத்தா, நிறுத்தாதத்தா! முட்டிக் கொன்னுரும்! உங்க சாமி கோவிச்சுக்காது, பெறகு கும்புடலாம்! செபாஸ்டின், சொல்லுய்யா!"

நான் எங்கே சொல்ல? என் உதடு செபத்தில் இருந்தது.

முட்டவில்லை. தள்ளியது. மெதுவாய், கனமாய், அவசரமே இல்லாமல். மூட்டைகள் தரையில் தேய்ந்து நகர்ந்தன. மூட்டையோடு சுப்புராஜும் நகர்ந்தார். கதவு ஒரு முழம் திறந்தது. அந்த இடுக்கில் பனி முதலில் வந்தது, அப்புறம் ஒரு மூக்கு வந்தது. கறுப்பாய், ஈரமாய், எங்கள் வீட்டுத் தோசைக்கல் அகலத்துக்கு. சுப்புராஜின் பின்கழுத்தில் இருந்து நாலு விரல் தூரம்.

மேரி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். மூக்கைப் பார்த்தாள். கை கம்பியை விட்டு எடுபடவில்லை. ஆம்பிளிஃபயர் மட்டும் ம்ம்ம் என்று முனகியது. சுப்புராஜ் மெல்லக் கண்ணை மூடினார். அவர் கைகளும் கூடின. அந்தக் கூரைக்குக் கீழே அப்போது எத்தனை சாமிகள் கூப்பிடப்பட்டன என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் வந்திருந்தால் நிற்க இடம் இருந்திருக்காது.

காட்டுமாடு நாக்கை நீட்டி சுப்புராஜின் பின்கழுத்தை ஒரு நக்கு நக்கியது.

செபம் முடிந்தது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை, எண்ணவில்லை. மேரி கையை எடுத்தாள், விட்ட இடத்தில் இருந்து அடித்தாள். ஜில்லென்ற கம்பி, பிளந்த விரல், அத்தனை நாள் ஊர் சிரித்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து விழுந்த அடி. கோபமான கை. மூக்கு பின்னால் போனது. குளம்புச் சத்தம் கேட்டது. ஓடவில்லை, வந்த வேலை முடிந்த ஆள் மாதிரி நடந்து போனது. அது காத்திருந்ததே அந்த மௌனத்தைக் கேட்கத்தான் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

நாங்கள் பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் சாணி மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது. ஒரு தட்டுக்கூடை அளவு.

சுப்புராஜ் கோட்டைத் தட்டினார். குல்லாவைச் சரிசெய்தார். மெட்ராஸ் பாஷை திரும்ப வந்துவிட்டது. "எருமை" என்றார்.

"என்னாது?"

"யாரோ வளர்க்கிற எருமை. நீங்க கட்டிவச்சது. என்னைப் பயமுறுத்தி எழுத வைக்கிற ஏற்பாடு. இதையெல்லாம் வெளியில சொன்னா நான்தான் அசிங்கப்படணும். பயத்துல கேட்டது எதுவும் கணக்குல வராது."

காவடிச் சிந்து பாடினவர், மாட்டுக்கு முன்னால் கைகூப்பினவர் என்று ஊர் பேசுமே என்கிற வெட்கம். அது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் மேரிக்குக் காட்டுமாடு முக்கியமே இல்லை.

"எருமைன்னே வச்சுக்கங்க சார். எலின்னுகூட வச்சுக்கங்க. வாசிச்சது யாரு? அதைச் சொல்லுங்க."

"யோசிக்கணும்" என்றார், தபால் ஆபீஸைப் பார்த்து நடந்துகொண்டே.

டிரங்க் கால் கிடைக்கிற வரைக்கும் அங்கே காத்துக்கிடந்தோம். கிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு, தோளில் கிட்டாரோடு, மேரி வாசல்படியில் நின்றாள். பக்கத்து டீக்கடைக் கித்தேரியம்மாள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். டிரங்க் கால் என்றால் ஊருக்கே கேட்கும்படி கத்தியாக வேண்டும்.

"ஹலோ! திருமலைச்சாமியா? சுப்புராஜ்! செண்பகனூர்ல இருந்து! பாத்தேன்... வாசிக்குது... வாசிக்குதுன்னுதான் தோணுது... இல்ல, தட்டுல இருக்கிறது அதே கைதான்னு உறுதியாச் சொல்ல முடியாது... சூழ்நிலை சரியில்ல... சூழ்நிலைன்னா... ஒரு மாடு..."

மேரி தோளில் இருந்து கிட்டாரைக் கழற்றினாள். அண்ணனிடம் நீட்டினாள். "கிட்டங்கியில வச்சுரு. மூட்டைக்கு அடியில."

ஞானமுத்து வாங்கவில்லை. அவளும் நீட்டின கையை மடக்கவில்லை.

எனக்கு வேறு என்ன தெரியும்? வாய்தான் தெரியும். கித்தேரியம்மாளைப் பார்த்துத் திரும்பி, டிரங்க் காலையும் மிஞ்சுகிற சத்தத்தில் ஆரம்பித்தேன்.

"மதினி, கேட்டீகளா? காட்டுமாடு வந்துச்சு! ஒண்ணு இல்ல, மூணு! கொம்பு கதவைத் தொளைச்சு உள்ளே வந்துருச்சு! சார் கழுத்தை நக்குச்சு பாருங்க, ஒரு நக்கு!"

"அய்யோ, நிசமாவாய்யா?"

"கழுத்தோட விட்டுச்சா? காதை நக்குச்சு, கன்னத்தை நக்குச்சு, குல்லாவைக் கழட்டிட்டு மொட்டை மண்டைய நக்குச்சு! சார் அதைப் பாத்து 'மாமா'ன்னாரு!"

கூட்டம் சிரித்தது. சுப்புராஜ் போனைக் கையால் பொத்தினார், உஷ் என்றார், பல்லைக் கடித்தார். நான் நிறுத்தவில்லை. "மடியில உக்காந்து..." என்று அடுத்ததைத் தொடங்கினேன்.

"ஏலே செபாஸ்டின், வாய மூடுலே!" தபால் ஆபீஸ் அதிர்ந்தது. "பொய்யாலே சொல்றே? நக்கலை! மூச்சுத்தான் விட்டுச்சு! ஒரே ஒரு காட்டுமாடு, மூச்சு மட்டுந்தான் விட்டுச்சு!"

சிரிப்பு நின்றது. போனுக்குள் திருமலைச்சாமி குரல் பூச்சி மாதிரி கீச்சிட்டது. சுப்புராஜ் போனைப் பார்த்தார். வாசல்படியில் கிட்டாரை நீட்டியபடி நிற்கிற மேரியைப் பார்த்தார். அவள் விரலில் சுற்றின துணியைப் பார்த்தார். அவர் கை தானாய்ப் பின்கழுத்துக்குப் போனது.

"ஆமாங்க" என்றார் போனில். "காட்டுமாடுதான்... இல்ல, நான் குடிக்கலை... கேளுங்க. அந்தப் பாட்டு நடுவுல மணி அடிச்சுது. நிறுத்தாதேன்னு கெஞ்சினேன். அந்தப் பொண்ணு நிறுத்திருச்சு. பெறகு விட்ட இடத்துலேருந்து அடிச்சுது, தட்டுல இருக்கிற அதே கோபமான கை. முன்னாடி வாசிச்சதும் அது கைதான், பின்னாடி வாசிச்சதும் அது கைதான்... எப்படித் தெரியுமா? வேற ஆளு உள்ளே வர்றதுக்கு வழியே இல்லைங்க. இருந்தது ஒரு கதவு. கதவுல நான் இருந்தேன்... ஆமாங்க. நடந்துச்சு."